தேவைப்படுவோர்

வியாழக்கிழமை காலை பால் பாக்கெட்டை நீட்டும்போது கடைக்காரக் குழந்தையம்மாள், "ஆறுங்களா அம்மிணி? பரவால்லீங்க, போன வாரத்துக்கு இது தேவல" என்றாள்.

ரோஸ்மேரி இடது கையால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். வலது கையை அவள் யார் முன்னாலும் நீட்டுவதில்லை. நைட்டிமேல் போட்ட துண்டுக்குள், வயிற்றோடு அணைத்து, தூங்கும் கைக்குழந்தையைத் தூக்கிப் போகிறவள் மாதிரி வைத்திருப்பாள்.

"எது ஆறு?"

குழந்தையம்மாள் கண்ணைக் கொட்டிக்கொண்டு பார்த்தாள். "என்னங்க?"

"இப்ப ஆறுன்னீகளே."

"நானுங்களா? நான் ஒண்ணுஞ் சொல்லலீங்களே. பாலு சில்லுனு இருக்குதான்னு கேட்டேனுங்க." அவள் அடுத்து நின்றவருக்கு முட்டை எடுக்கத் திரும்பிவிட்டாள். அவள் முகத்தில் பொய் இல்லை. அதுதான் ரோஸ்மேரிக்கு உறுத்தியது.

ஆறு என்பது அவளுடைய எண். முந்தின நாள் சாயங்காலம், அவிநாசி ரோட்டில் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், பச்சைத் திரைக்குப் பின்னால், நர்ஸ் சுப்புலட்சுமி வழக்கம்போல, "பூச்சியத்துல இருந்து பத்து வரைக்கும், இன்னைக்கு வலி எவ்வளவுங்க்கா?" என்று கேட்டபோது சொன்ன எண். கட்டிய கணவனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி அவள் வலது ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்தது. பனியன் கம்பெனியில் ஊசி ஏறாத விரல் உண்டா? பத்து நாளில் புண் ஆறியது. வலி ஆறவில்லை. விரலில் இருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டில் இருந்து தோளுக்கு என்று அது ஏறியது. மின்விசிறிக் காற்று பட்டாலே கொதிக்கிற வெந்நீரை ஊற்றினதுபோல் தோல் எரிந்தது. நரம்பு தப்பாகப் பேசுகிறது என்றார்கள் டாக்டர்கள். ஆரம்பத்தில் கேட்டவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள். கேட்டவர்கள் முதலில் உச்சுக்கொட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், கடைசியில் "ஊசி குத்துனதுக்கு மூணு வருஷமா?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். கம்பெனி அவளைத் தையலில் இருந்து எடுத்து, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் போட்டது. புதன்கிழமைதோறும் கழுத்தில் போடும் அந்த ஊசியும், திரைக்குப் பின்னால் சொல்லும் அந்த எண்ணும்தான் அவளுக்கு மிச்சம்.

அன்று காலை பத்தரை மணிக்கு, கட்டிங் மாஸ்டர் கிட்டுசாமி செக்கிங் மேசையைத் தாண்டிப் போனார். அறுபது வயது மனிதர், யாரையும் அதிர்ந்து பேசாதவர். போகிற போக்கில், "ஆறை வெச்சுட்டே இத்தனை வேகமா பாக்கறீங்களே ரோஸ்மேரி, கெட்டிக்காரிங்க" என்றார்.

அவள் பின்னாலேயே எழுந்து போய் மறித்தாள். "யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"எதுங்க?"

"என் வலி ஆறுன்னு."

கிட்டுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குட்மார்னிங்தானுங்க சொன்னேன்" என்றார். நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

மேசைக்குத் திரும்பியபோது ரோஸ்மேரிக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வரட்டும் புதன்கிழமை.

*

வலி மருத்துவப் பிரிவு நீளமான ஒரே அறை. நான்கு கட்டில்கள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கூரைக் கம்பியில் இருந்து தொங்கும் பச்சைத் திரைகள். ஸ்பிரிட் வாடையும் துவைத்த துணியின் வாடையும் ஏ.சி. குளிரில் ஒன்றாகக் கலந்து, மூக்குக்குள் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். சாயங்கால வெயில் கண்ணாடி ஜன்னல் வழியே திரைகளில் பட்டு, உள்ளே படுத்திருப்பவர்களுக்குக் குளத்தின் அடியில் கிடப்பதுபோல ஒரு பாசி வெளிச்சத்தைக் கொடுக்கும்.

"என் நம்பரு வெளியில போகுது" என்றாள் ரோஸ்மேரி, சுப்புலட்சுமி திரையை இழுத்து மூடியதும்.

"எப்படிங்க்கா போகும்? எழுதி ஃபைல்ல வெச்சு டாக்டரம்மா ரூமுல பூட்டிடறோங்க. நானே யாருக்கும் சொல்றதில்லீங்க." இருபத்தைந்து வயதுப் பெண். அவள் கண் கலங்கிவிட்டது.

"அப்ப வாயால கேக்காதே. பேப்பர் குடு."

சுப்புலட்சுமி கொடுத்த சீட்டில் இடது கையால் கோணல்மாணலாக 8 என்று எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தாள். டாக்டரம்மா வந்தார். மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கூடியிருக்கே. மனசுல என்ன ஓடுதுங்க?" என்று கேட்டார்.

வேறு யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. ரோஸ்மேரி டாக்டரம்மாவின் காதருகே குனிந்தாள். குரலை மூச்சாக்கிச் சொன்னாள். கட்டிங் செக்‌ஷனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அங்கே ஓடும் பிளேடைப் பார்த்துக்கொண்டு நிற்பதைச் சொன்னாள். இந்தக் கையை அதில் கொடுத்துவிடலாமா என்று தோன்றுவதைச் சொன்னாள். ஒரே ஒரு நொடி, அதோடு தீர்ந்துவிடும் என்று தோன்றுவதைச் சொன்னாள்.

டாக்டரம்மா அவள் இடது தோளில் கை வைத்தார். "வலி அப்படிப் பேச வைக்கும். நான் பாத்துக்கறேன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்." ஃபைலில் இரண்டு வரி எழுதி மூடினார்.

பிறகு ஊசி. கழுத்தின் முன்பக்கம், குரல்வளையை ஒட்டி, ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே ஆழமாக இறக்கும் ஊசி. போட்ட சில நிமிடத்தில் வலது இமை தானாகத் தொங்கும், தொண்டை கட்டிக் குரல் காணாமல் போகும், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இருபது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும். டாக்டரம்மாவும் சுப்புலட்சுமியும் வெளியே போனார்கள்.

ரோஸ்மேரி காத்திருந்தாள். தோளில் இருந்து ஒரு வெதுவெதுப்பு இறங்கி, முழங்கையைச் சுற்றி, மணிக்கட்டைத் தொட்டு, விரல் நுனிவரை மெதுவாகப் பரவியது. மூன்று வருஷமாகப் பனிக்கட்டியாகவும் நெருப்பாகவும் இருந்த கை இப்போது வெறும் கையாக இருந்தது. இதற்காக அவள் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைக்க அசையக்கூடாது.

அப்போதுதான் பச்சைத் திரையைப் பார்த்தாள்.

துணியோடு பதினாறு வருஷம் வாழ்ந்தவள் அவள். காற்றில் துணி எப்படி அசையும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஏ.சி. காற்று பட்டால் திரை முழுவதும் ஒன்றாக உப்பி ஒன்றாக அடங்கும். இது அப்படி இல்லை. ஓர் ஆள் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் ஓர் இடம் மட்டும் உள்ளே குழிந்தது. பிறகு வெளியே தள்ளியது. மறுபடி குழிந்தது. யாரோ அந்தப் பக்கம் துணியில் வாயை வைத்து நின்று மூச்சு விடுவதுபோல.

அதற்குப் பக்கத்தில் இன்னோர் இடம். கால்மாட்டில் மூன்று. தலைமாட்டில் எத்தனை என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் குழிந்தன, ஒரே சமயத்தில் புடைத்தன. அவள் மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

அவையும் நின்றன.

அவள் மூச்சு விட்டாள். திரை மூச்சு விட்டது.

"எட்டு" என்றது ஒரு குரல், சுவர் ஓரக் கட்டில் பக்கம் இருந்து.

அது அவளுடைய குரல். கட்டாத, கரகரக்காத, ஊசி போடுவதற்கு முன் இருந்த அதே குரல். அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இந்தக் கைய மிஷின்ல குடுத்துரலாமான்னு இருக்கு டாக்டரம்மா" என்றது அவள் குரல், ரகசியமாக.

மூன்று பக்கத்துத் துணியும் ஒரே இழுப்பில் உள்ளே குழிந்தது. தாகத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் கிடைத்ததுபோன்ற ஓர் இழுப்பு.

ரோஸ்மேரி அசையக்கூடாது என்பதை மறந்தாள். இடது கையால் திரையைப் பற்றி இழுத்தாள். கம்பியில் வளையங்கள் கிறீச்சிட்டன. பக்கத்துக் கட்டில் காலி. அதற்கு அடுத்ததும் காலி. சுவர் ஓரக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்கள்.

சுப்புலட்சுமி ஓடி வந்தாள். "அக்கா, எந்திரிக்காதீங்க, தலை சுத்துமுங்க!"

"அங்க யாரு?" ரோஸ்மேரியின் உதடு மட்டும் அசைந்தது.

"அந்தக் கட்டிலுக்கு ஆள் போடறதே இல்லீங்க்கா" என்றாள் சுப்புலட்சுமி.

*

மறுநாள் கம்பெனியில் யாரும் எண் எதுவும் சொல்லவில்லை. காலையில் இருந்தே எல்லோரும் அவளிடம் ரொம்பப் பரிவாக இருந்தார்கள். அவள் எழுந்தால் வழிவிட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போனால் டம்ளரைக் கழுவிக் கொடுத்தார்கள். ஊசியின் சுகம் ராத்திரியே போய், கை மறுபடி எரியத் தொடங்கியிருந்தது.

மூன்று மணிக்கு மேல் கழிவறைக்குப் போக எழுந்தாள். கட்டிங் செக்‌ஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். புதுத் துணியின் வாடையும் மிஷின் எண்ணெயின் வாடையும் பஞ்சுத் தூசும் மண்டிய அந்த இடத்தில் எப்போதும் ஆறேழு பேர் கத்திக்கொண்டே வேலை செய்வார்கள். இன்று சத்தமில்லை. பட்டை பிளேடு மட்டும் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருந்தது, பல்லுக்குள் ரீங்கரிக்கும் அதன் மெல்லிய சத்தத்தோடு.

கிட்டுசாமி மிஷின் மேசையை வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மூலை மூலையாக, நிதானமாக. துடைத்து முடித்ததும் வெள்ளைப் பனியன் துணி ஒன்றை நாலாக மடித்து பிளேடுக்குப் பக்கத்தில் வைத்து, சுருக்கம் போக நீவிவிட்டார்.

"வாங்க ரோஸ்மேரி" என்றார். "ஃப்ரீயாத்தானுங்க இருக்குது."

அவள் பிளேடையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஆரும் பாக்கமாட்டாங்க. நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கறோங்க. நீங்க நிதானமா பண்ணுங்க."

சொல்லிவிட்டு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். ஹெல்ப்பர்கள் ஆறு பேரும் திரும்பினார்கள். லைனில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்டூல்கள் தரையில் உரசின. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். முப்பது லைன் டெய்லர்கள், ஒடிசாவில் இருந்து வந்த பெண்கள், வாசல் வாட்ச்மேன்வரை எல்லோரும் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார்கள். முதுகுகள். முதுகுகள் மட்டும். மூன்று வருஷமாக அவள் கேட்டும் கிடைக்காத மறைவை, இதற்கென்றால் கொடுக்கிறார்கள்.

கை எரிந்தது. பிளேடு ஓடியது. மடித்து வைத்த துணி அத்தனை வெள்ளையாக இருந்தது. ஒரு கணம் அது அன்பாகவே பட்டது அவளுக்கு. வலது கை துண்டுக்குள் இருந்து வெளியே வந்து மேசையின் விளிம்பைத் தொட்டிருந்தது. எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதுகுகள் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தன.

அந்தச் சத்தம்தான் அவளை உலுக்கியது. நேற்று திரைக்கு அப்பால் கேட்ட அதே இழுப்பு.

இடது கை முஷ்டியால் சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினாள். பிளேடு முனகி நின்றது. வெள்ளைத் துணியை எடுத்துத் தரையில் வீசினாள்.

"இது என் கை" என்றாள். ஊசியில் போன குரல் இந்தமுறை இன்னும் முழுசாக வரவில்லை; இருந்த குரலில் கத்தினாள். "என் கைய்யா இது! போய் அவங்கவங்க வேலையப் பாருங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். கிட்டுசாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். "என்னங்க ரோஸ்மேரி, இங்க என்ன வேணுங்க?" என்றார். "மிஷினை ஆருங்க நிறுத்துனது?"

*

வீட்டில் சூசைமாணிக்கம் அவளுக்கு முன்னால் வந்திருந்தான். பனியன் துணியைச் சுருக்கி அழுத்தும் காம்பாக்டிங் யூனிட்டில் வேலை. வந்ததும் குளித்து, சோறு வடித்து வைத்திருப்பான். சிவகங்கையில் இருந்து கட்டிய துணியோடு இருவரும் இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம். மூன்று வருஷமாக அவள் தலையைப் பின்னிவிடுவதும் அவன்தான். அவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ரசத்தின் ஆவி ஏறியது. பக்கத்து வீட்டில் குக்கர் கத்தியது. அவள் இரண்டு கவளம் இறக்கியபிறகுதான் கவனித்தாள். சூசைமாணிக்கம் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க. சோத்துக் கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லையே." அவன் குனிந்து பார்த்தான். வலது கை வயிற்றோடு ஒட்டி மடங்கியிருந்தது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரியில யாராச்சும் ஒங்களக் கூப்பிட்டாகளா? என் ஃபைல் எதையும் பாத்தீகளா?"

"இல்ல ரோசு."

சுவரில் கடிகாரம் ஓடியது. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நீதான் சொல்லவே மாட்டேங்கியே" என்றான், தாழ்ந்த குரலில். "பொண்டாட்டி வலிய நான் தெரிஞ்சுக்கக் கூடாதா? ஒரு தடவ சொன்னா என்ன?"

"எதை?"

"இன்னைக்கு எவ்வளவுன்னு."

கேட்டுவிட்டு அவன் வாயை மூடவில்லை. பருக்கை ஒட்டிய உதடுகள் லேசாகப் பிரிந்தபடி இருந்தன. உள்ளே நாக்கு அசைந்தது, அவள் சொல்லப்போகும் சொல்லுக்கு இடம் பண்ணுவதுபோல. கண்கள் மட்டும் அவனுடையவை. அவை கெஞ்சின.

முந்தாநாள்வரை அவன் இப்படிக் கேட்டிருந்தால், ஒருவேளை அவன் மடியில் படுத்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அதை நினைத்தபோது நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

"சொல்லமாட்டேன்" என்றாள்.

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். ரசம் ஆறியது. அவள் எழுந்து, கை கழுவி, பாத்திரங்களை ஒற்றைக் கையால் தேய்த்து வைத்துவிட்டு வந்து பார்த்தபோதும் அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

*

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் வரை வீட்டில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு நல்ல சேலையாக ஒன்றைச் சுற்றிக்கொண்டு, நாலு மணிக்கு மருத்துவமனைக்குப் போனாள். இரண்டாவது மாடிக்குப் போகவில்லை. கீழே, லிஃப்டைத் தாண்டி, நடைபாதையின் கடைசியில் இருந்த ஆவண அறைக்குப் போனாள்.

நெற்றியில் திருநீறோடு ஒருவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். சட்டையில் பாண்டித்துரை என்று பெயர் அட்டை.

"என் ஃபைல நான் பாக்கணும்."

"தாராளமா பாருங்க. உங்க ஃபைல்தானுங்க." அவர் எழுந்துபோய் எடுத்துவந்தார். அவள் பெயர் போட்டிருந்த அந்த ஃபைல் ஒரு முழம் தடிமன் இருந்தது. அவள் வந்ததோ ஒன்பது புதன்கிழமை.

முதல் பக்கங்களில் எண்கள். அப்புறம் டாக்டரம்மாவின் இரண்டு வரி. அதற்குப் பின்னால், சேர்ந்த அன்று அவள் இடது கையால் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம். அதன் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்துப் படித்தாள். நோயாளி தெரிவிக்கும் விவரங்கள் தேவைப்படுவோருடன் பகிரப்படலாம்.

"யாரு இந்தத் தேவைப்படுவோர்?"

"தேவைப்படறவங்கதானுங்க" என்றார் பாண்டித்துரை. "அடுத்த பக்கத்துல இருக்குதுங்க."

புரட்டினாள். மூன்று கட்டம் போட்ட தாள். பார்த்தவர் பெயர், தேதி, கையொப்பம். முதல் பெயர் குழந்தையம்மாள். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினதுபோலக் கோணிக்கொண்டு கீழே இறங்கியது. அடுத்து கிட்டுசாமி. அதே கோணல். அடுத்தது தெரியாத பெயர். அடுத்தது இந்தியில். அடுத்தது ஒடியா போலச் சுழித்த எழுத்தில். பக்கத்துக்கு நாற்பது பேர். எல்லாம் ஒரே மாதிரி, நடுக்கத்தோடு, அழுத்தம் சீராக இல்லாமல்.

மூன்று வருஷமாக அப்படித்தான் அவள் எழுதுகிறாள். இடது கையால்.

அவள் புரட்டினாள். புரட்டிக்கொண்டே இருந்தாள். காகிதத்தின் சரசரப்பு. நடைபாதையில் எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம். கடைசித் தாளில் கடைசி வரியில் மை இன்னும் காயவில்லை. அவள் விரல் பட்டு இழுகியது. சூசைமாணிக்கம்.

"இவுகளுக்கெல்லாம் என் வலி எதுக்கு?"

"தேவைப்படுதுங்க" என்றார் அவர், வெளிநோயாளிப் பிரிவின் நேரத்தைச் சொல்வதுபோல.

"நான் குடுத்த ஒப்புதல ரத்து பண்ணனும்."

"அதுக்கும் ஃபார்ம் இருக்குதுங்க." சிரித்த முகமாக ஒரு தாளை எடுத்து நீட்டி, பேனாவைத் திறந்து கொடுத்தார். பெயர், வயது, முகவரி. இடது கையால் எழுதினாள். கடைசியில் ஒரே ஒரு கட்டம் இருந்தது. இன்றைய வலியின் அளவு, 0 முதல் 10 வரை.

பேனா நின்றது.

"அது கட்டாயமுங்க" என்றார் பாண்டித்துரை. குரல் மெலிந்திருந்தது. அவர் மேசைக்கு மேல் குனிந்து வந்திருந்தார். உதடுகள் பிரிந்திருந்தன. "அது இல்லாம ரத்து ஆகாதுங்க. எவ்வளவுன்னு போட்டுடுங்க. போட்டுட்டா எல்லாம் முடிஞ்சுதுங்க."

ரோஸ்மேரி அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். தாள் கிழியும்வரை அழுத்தி இழுத்தாள்.

"ரத்து ஆக வேண்டாம்" என்றாள். "இதுல இருக்கிறதெல்லாம் முந்தாநாள் வரைக்கும். இன்னைக்குள்ளது எனக்குள்ளதான் இருக்கு. அத நான் சொல்லமாட்டேன். இனிமே எந்தப் புதன்கிழமையும் சொல்லமாட்டேன்."

"ஊசி போடமாட்டாங்களே அப்புறம்." திறந்த வாயில் இருந்து எச்சில் ஒழுகியது. "வலி தாங்காதுங்களே."

"தாங்குறவ நான்தானே."

வெளியே வந்தபோது மாடிப்படியில் சுப்புலட்சுமி நின்றாள். அவளும் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்மேரி அவளைத் தாண்டி நடந்தாள்.

*

மணி ஆறாகப் போகிறது. ஷிஃப்ட் விடும் நேரம். இந்த நேரத்தில் ரோட்டில் பேசினால் பேசுகிறவனுக்கே கேட்காது. கம்பெனி வேன்களின் ஹாரன், பஸ்கள், பூக்காரிகளின் கூவல், சந்துக்குச் சந்து நிட்டிங் மிஷின்களின் இரைச்சல். பதினாறு வருஷமாக அவள் காதில் ஓயாத சத்தம்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

சத்தம் இல்லை.

ரோடு முழுக்க ஆட்கள் நின்றார்கள். டிபன் பை மாட்டிய பெண்கள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் பையன்கள். வேன்கள் அங்கங்கே நின்றிருந்தன, கதவுகள் திறந்து. பஸ் ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஒரு முகம். எல்லா முகமும் அவளைப் பார்த்தபடி. டீக்கடை பாய்லர் மட்டும் எங்கோ சீறிக்கொண்டிருந்தது. பிறகு அதையும் யாரோ அணைத்தார்கள்.

முன்வரிசையில் நின்ற, அவள் முன்பின் பார்த்திராத ஒரு பெண் பணிவாகக் கேட்டாள். "எவ்வளவுங்க?"

ரோஸ்மேரி வலது கையை வயிற்றோடு இன்னும் இறுக்கினாள்.

வலி எழுந்தது. விரல் நுனியில் தொடங்கி, மணிக்கட்டை முறுக்கி, முழங்கையைப் பிளந்து, தோளில் நிற்காமல், முதல் முறையாகத் தோளைத் தாண்டி, கழுத்துக்கு, தாடைக்கு, பல்லின் வேருக்கு வந்தது. முழங்கால் மடங்கியது. எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். அந்த எண் நாக்கின் நுனியில் வந்து நின்றது. சொன்னால் இறங்கும். அப்படித்தான் பட்டது. சொல்லிவிட்டால் இறங்கிவிடும்.

பற்களைக் கடித்தாள். உதட்டை மூடினாள்.

அவளுக்குள் எழுந்த அலறல் தொண்டையில் முட்டியது. அதை அங்கேயே நிறுத்தினாள்.

அந்த நொடியில் ரோட்டில் நின்ற அத்தனை பேரும் வாயைத் திறந்தார்கள். அலறுவதற்குத் திறப்பதுபோல. அகலமாக. கழுத்து நரம்புகள் புடைத்தன. முகங்கள் சிவந்தன. ஒரு சத்தமும் வரவில்லை. அவள் கொடுக்கவில்லை. அவர்களிடம் ஒன்றும் இல்லை.

ரோஸ்மேரி நிமிர்ந்தாள். வலது கையை வயிற்றில் இருந்து எடுத்தாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அதை எல்லோர் முன்னாலும் தொங்கவிட்டாள். காற்று பட்டது. பட்டுக்கொள்ளட்டும். நடந்தாள். கூட்டம் வழிவிடவில்லை. அவள் தோளால் இடித்துப் போனாள். இடித்தவர்கள் அசைந்தார்கள், வாய் மூடாமல்.

மேம்பாலத்தின் கீழே சூசைமாணிக்கம் நின்றிருந்தான்.

அவள் நின்றாள். ஒரே ஒரு மூச்சு நேரம்.

அவன் தாடை ஒரு மனிதனுக்குத் திறக்கக்கூடிய அளவைத் தாண்டித் திறந்திருந்தது. கண்களில் நீர். உதட்டின் இரண்டு ஓரமும் கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் அவன் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவனைத் தாண்டி நடந்தாள்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. பாலத்தின் மேல், மாடிகளில், கம்பெனிச் சுவர்களின்மேல், வெளிச்சம் போய் எட்டிய இடமெல்லாம் திறந்த வாய்கள், அவள் போகிற பக்கமாகவே மெல்லத் திரும்பிக்கொண்டு, சத்தமில்லாமல், இன்னும் அகலமாக, இன்னும் அகலமாகத் திறந்துகொண்டிருந்தன.